மகள் தட்டினால் அடங்கும் சத்தம்

கேள்வி: எங்கள் கம்ப்யூட்டர் வாங்கி 7 வருடமாகிறது. சில மாதங்களாகப் பவர் சப்ளை கரகரவென்று சத்தம் போடுகிறது. மற்றபடி எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. ராத்திரி மகள் படிக்கும்போது சத்தம் அதிகமானால் பெட்டியில் ஒரு தட்டு தட்டுவாள், அடங்கிவிடும். மாற்ற வேண்டுமா, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா?

பதில்: மாற்றிவிடுங்கள். போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன அந்தத் தட்டுதான் என்னை உறுத்துகிறது.

தட்டினால் அடங்குகிறது என்றால் அநேகமாக மின்விசிறிதான். உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (coil) கீச்சிடுவதும் உண்டு. அது காதுக்குத் தொல்லையே தவிர பெரும்பாலும் ஆபத்தில்லை, தட்டி அடக்கவும் முடியாது. உங்கள் வீட்டில் கேட்பது பேரிங் தேய்ந்த விசிறி. ஒருநாள் அது சுற்றாமல் நின்றுபோகும், உள்ளே சூடு ஏறும். நல்ல தயாரிப்பு தானாக அணைந்துகொள்ளும். மட்டமானது எதையெல்லாம் சேர்த்துக் கருக்கும் என்று சொல்ல முடியாது. விசிறி மெதுவாகச் சுற்றும்போதே கெடுதல் தொடங்கிவிடும். வெப்பம் 10 டிகிரி கூடினால், உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது.

இந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் ராத்திரி உட்காருவது யார்? உங்கள் மகள். பழுதைச் சமாளிக்கும் வேலையையும் அவளே செய்கிறாள். மாதக்கணக்கில் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா என்று என்னிடம் கேட்கிறீர்கள்! வீட்டில் மின்சாரம் ஓடும் பொருள் எதுவானாலும் அதன் கோளாறு பெரியவர்கள் தலையில்தான் விழ வேண்டும். பிள்ளை ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள் என்று நிம்மதியாக இருப்பது பெற்றவர்களுக்கு அழகில்லை.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றி, சத்தம் கேபினெட் விசிறியிலிருந்து வரவில்லை என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அதிலிருந்து வந்தால் அந்த விசிறியை மட்டும் மாற்றினால் போதும். பவர் சப்ளையைத் திறந்து எண்ணெய் விடும் யோசனை வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். வாரண்டி பாக்கி இருக்கிறதா பாருங்கள்; சில மாடல்களுக்கு 10 வருடம் வரை உண்டு. அப்புறம், புதியதோடு வரும் கேபிள்களையே மாட்டுங்கள். பழைய கேபிள் கச்சிதமாகப் பொருந்தினாலும் முனையிலுள்ள ஊசிகளின் (pin) வரிசை வேறாக இருந்தால் ஹார்ட் டிஸ்க் போய்விடும்.

மகளின் பாடக் குறிப்புகளை இன்றைக்கே நகல் எடுத்து வையுங்கள். மாற்றும் வரை அந்தக் கம்ப்யூட்டரை அவள் போட வேண்டாம்.