நூலக வாசகர்களுக்கும் ஊழியர்களுக்கும் கைகொடுக்கும் பிரவுசர் வசதிகள் எவை?

இப்படிக் கேட்டால் பெரும்பாலும் எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் நாமே சேர்க்கும் சிறு துணை மென்பொருள்) பட்டியல்தான் பதிலாக வரும். நூலக வேலையில் அதிக நேரத்தை மிச்சப்படுத்துவது பிரவுசரிலேயே இருக்கும் ஒரு வசதி: அட்ரஸ் பாரிலிருந்தே நேராகக் கேட்டலாக்கில் தேடுவது.

உங்கள் நூலகத்தின் இணையக் கேட்டலாக்கில் 777 என்று தேடுங்கள். முடிவுப் பக்கத்தின் முகவரியை முழுதாகக் காப்பி செய்து, அதில் 777 இருக்கும் இடத்தில் மட்டும் % குறியையும் அதை ஒட்டிச் சின்ன ஆங்கில எஸ் எழுத்தையும் போடுங்கள். தமிழ்ச் சொல்லைப் போட்டுத் தேடினால், காப்பி செய்த முகவரியில் அது % குறிகளும் எண்களுமாக நீண்டு கிடக்கும், எங்கே வெட்டுவது என்று தெரியாது. அதனால்தான் எண். குரோமில் செட்டிங்ஸ், சர்ச் எஞ்சின், சைட் சர்ச் என்று போய் 'ஆட்' அழுத்தி, பெயரும் ஓரெழுத்து ஷார்ட்கட்டும் இந்த முகவரியும் கொடுத்தால் வேலை முடிந்தது. ஃபயர்ஃபாக்ஸில் இதே முகவரியை புக்மார்க்காகச் சேமித்து, அதன் 'கீவேர்டு' கட்டத்தில் அந்த எழுத்தைப் போட்டால் போதும். இனி கன்ட்ரோல்+எல் (கர்சர் அட்ரஸ் பாருக்குப் போகும்), ஷார்ட்கட் எழுத்து, ஸ்பேஸ், தேடும் சொல், என்டர். பல நூலகங்கள் பயன்படுத்தும் கோஹா என்ற நூலக மென்பொருளின் கேட்டலாக்கில் இது நன்றாக ஓடும். தேடிய சொல் முகவரியில் தெரியாத தளங்களில் மட்டும் இந்த வழி செல்லாது.

கவுண்டரில் சொல்லைத் தட்டச்சு செய்வதற்குப் பதிலாகப் புத்தகத்தின் பின்னட்டையில் உள்ள ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண்ணின் பார்கோடை ஸ்கேன் செய்யலாம். பார்கோடு ஸ்கேனர் கம்ப்யூட்டருக்கு ஒரு கீபோர்டு மாதிரிதான். தொல்லைகளும் அதனால்தான் வருகின்றன. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் டவுன்லோட்ஸ் பக்கம் தானாகத் திறக்கிறதா? ஸ்கேனர் இறுதியில் 'லைன் ஃபீட்' என்ற வரிமாற்றக் குறியை அனுப்புகிறது, பிரவுசர் அதை டவுன்லோட்ஸைத் திறக்கும் கன்ட்ரோல்+ஜே என்று எடுத்துக்கொள்கிறது. ஸ்கேனரின் கையேட்டில் 'கேரேஜ் ரிட்டர்ன்' (என்டர் அழுத்துவதற்குச் சமம்) மட்டும் அனுப்பச் சொல்லும் அமைப்புப் பார்கோடு இருக்கும், அதை ஒருமுறை ஸ்கேன் செய்தால் சரியாகிவிடும். தமிழ்99 கீபோர்டு இயக்கத்தில் இருந்தால், உறுப்பினர் அட்டைப் பார்கோடில் உள்ள ஆங்கில எழுத்துகள் தமிழாகக் கொட்டும். எண்களுக்கு ஒன்றும் ஆகாது.

புத்தகம் கையில் இருக்கிறது, ஸ்கேன் செய்தால் 'இல்லை' என்கிறது என்றால் கேட்டலாக்கின் பழைய பதிவில் 10 இலக்க ஐஎஸ்பிஎன் மட்டும் இருக்கலாம். 13 இலக்கத்தில் முதலில் வரும் 978-ஐயும் கடைசி இலக்கத்தையும் நீக்கினால் எஞ்சும் 9 இலக்கங்கள் இரண்டு எண்ணுக்கும் பொது. அவற்றை அடித்து இறுதியில் நட்சத்திரக் குறி போட்டுத் தேடிப் பாருங்கள். கோஹாவில் இரண்டு வடிவத்தையும் சேர்த்துத் தேட வைக்கும் அமைப்பே உண்டு. நிர்வாகியிடம் சொல்லி அதைப் போட்டுக்கொள்வது நல்லது.

தமிழ்த் தலைப்பு சிக்கவில்லை என்றால் எழுத்தைச் சந்தேகப்படுங்கள். 'ஸ்ரீ'யை யூனிகோடில் ஸ்+ரீ என்றும் ஶ்+ரீ என்றும் இரண்டு விதமாக எழுதலாம். பல ஃபான்ட்களில் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும், தேடலுக்கோ இரண்டும் வெவ்வேறு. அந்தச் சொல்லை விட்டுவிட்டு மீதித் தலைப்பைத் தேடுங்கள். பக்கத்துக்குள் கன்ட்ரோல்+எஃப் தேடலிலும் இதே கதைதான். படமாக ஸ்கேன் செய்த பழைய நூல்களில் அந்தத் தேடல் பெரும்பாலும் உதவாது.

வாசகர்களுக்கான கம்ப்யூட்டரில் இன்காக்னிட்டோவை (வரலாற்றைச் சேமிக்காத தனி விண்டோ) நம்ப வேண்டாம். ஒரு விண்டோ திறந்தே கிடந்தால், அடுத்து உட்காருபவர் முந்தையவரின் மெயிலுக்குள் போய்விடுவார். டெஸ்க்டாப்பில் உள்ள குரோம் ஷார்ட்கட்டின் 'டார்கெட்' வரி இறுதியில் ஓர் இடைவெளி விட்டு, இரண்டு சிறுகோடும் 'கெஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்த்தால், எப்போது திறந்தாலும் விருந்தினர் முறையில்தான் திறக்கும். இதிலும் எல்லா விண்டோவையும் மூடினால்தான் தடயம் அழியும், டவுன்லோட் செய்த ஃபைல் அப்படியே இருக்கும். ஆதார் நகலும் ஹால் டிக்கெட்டும் அந்த ஃபோல்டரில் சேர்ந்துகொண்டே போகும். தினமும் மாலை அதைக் காலி செய்வது ஊழியர் பொறுப்பு.

எக்ஸ்டென்ஷன் என்றால் ஆய்வு மாணவர்களுக்கு இரண்டு போதும். அன்பேவால் என்ற எக்ஸ்டென்ஷன், கட்டண ஆய்வுக் கட்டுரையின் இலவசப் பிரதி சட்டப்படி எங்காவது இருந்தால் பக்கத்தின் ஓரத்தில் பச்சைப் பூட்டாகக் காட்டும். டிஓஐ எண் (ஆய்வுக் கட்டுரைக்கான நிரந்தர அடையாளம்) இல்லாத பக்கங்களில் அது வாய் திறக்காது. ஜோட்டெரோ கனெக்டர் நூல் விவரத்தை, துணைநூற்பட்டியல் தயாரிக்க உதவும் ஜோட்டெரோ மென்பொருளில் ஒரே கிளிக்கில் சேமிக்கும், ஆனால் தமிழ்ப் பெயர்களில் தலைப்பெழுத்தைத் தனியே பிரித்து, துணைநூற்பட்டியலில் பெயருக்குப் பின்னால் தள்ளிவிடும். ஜோட்டெரோவில் ஆசிரியர் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சின்னப் பொத்தானை அழுத்தி ஒற்றைக் கட்டமாக மாற்றினால் எழுதியபடியே வரும்.

புத்தகம் வழங்கும் கவுண்டர் கம்ப்யூட்டரில் இவை எதுவும் வேண்டாம். பல எக்ஸ்டென்ஷன்கள் 'எல்லாத் தளங்களின் தரவையும் படிக்க' அனுமதி கேட்கும், அங்கே திறந்திருப்பதோ உறுப்பினர்களின் முகவரியும் ஃபோன் எண்ணும். அதே கம்ப்யூட்டரில் வேறு வேலையும் பார்க்க வேண்டியிருந்தால் அதற்குத் தனி புரொஃபைல் வைத்துக்கொள்ளுங்கள்.