புளிக்காத மாவும் தில்லிப் பெயரும்: பாக்டீரியா கேள்வி-பதில்

ஜனவரி வந்தால் இட்லி மாவு இரண்டு நாளானாலும் பொங்குவதில்லை. கையால் கரைத்தால்தான் புளிக்கும் என்கிறார் மாமியார். உண்மையா? (வாசகி, மயூர் விஹார்)

மாவைப் பொங்க வைக்கும் லூக்கோனாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் முதலிய பாக்டீரியாக்கள் பெரும்பாலும் உளுந்தோடும் அரிசியோடும்தான் வந்து சேர்கின்றன. ஆகவே கரண்டியால் கலந்தாலும் குறையில்லை. (இதை மாமியாரிடம் சொல்வது உங்கள் துணிச்சலைப் பொறுத்தது.) அவை மாவிலுள்ள சர்க்கரையைச் சிதைத்து லாக்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகின்றன, அமிலம் புளிப்பைத் தர, வாயு உளுந்தின் கொழகொழப்பில் சிக்கி மாவை எழுப்புகிறது. தில்லிக் குளிரில் அவை செத்துவிடுவதில்லை. நொதிகள் மந்தமாவதால் பெருக்கம் தாமதமாகிறது, அவ்வளவுதான். மின்சார ஓவனைச் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு, பாத்திரத்தை அதற்குள் வைத்துப் பாருங்கள்.

பாக்டீரியா தாவரமா, விலங்கா? (மாணவர், ராமகிருஷ்ணபுரம்)

இரண்டுமில்லை. நம் செல்லில் இருப்பது போன்ற உட்கரு அதற்குக் கிடையாது. பெரும்பாலும் வளைய வடிவிலான ஒரே டிஎன்ஏ செல்லுக்குள் சுருண்டு கிடக்கிறது. ஒன்று இரண்டாகப் பிரிவதே அதன் இனப்பெருக்கம்.

காலையில் வடித்த சோற்றை வெளியிலேயே வைத்திருந்து, இரவில் நன்றாகச் சூடாக்கிச் சாப்பிட்டால் கெடுதலா? (வாசகர், கரோல் பாக்)

கெடுதல்தான். அரிசியில் இயல்பாகவே காணப்படும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா, சூழல் பாதகமானால் தடித்த உறையுடைய அகவித்தாக மாறிக்கொள்ளும். சோறு கொதிக்கும் 100 டிகிரியையும் அந்த வித்துகள் தாங்கிவிடும். ஆய்வகங்களில் அவற்றை அழிக்க அழுத்த நீராவியில் 121 டிகிரி வெப்பத்தை 15 நிமிடம் செலுத்துகிறோம். சோறு ஆறியதும் வித்துகள் முளைத்துப் பெருகத் தொடங்கும். எவ்வளவு வேகமாக என்று கேட்டால், உகந்த சூழலில் ஈ.கோலை பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒரு முறை பிரியும். அந்தக் கணக்கில் ஒன்று ஏழு மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டும். சோற்றிலுள்ளது சற்று மெதுவாகப் பெருகினாலும், மே மாதச் சமையலறையில் காலையிலிருந்து இரவுவரை கிடைக்கும் அவகாசம் அதற்குத் தாராளம். இரவில் சூடாக்கும்போது பாக்டீரியா மடியலாம். ஆனால் அது ஏற்கெனவே சுரந்துவிட்ட, வாந்தியை உண்டாக்கும் நச்சு கொதிக்க வைத்தாலும் சிதையாது. மீந்த சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

தில்லியின் பெயரில் ஒரு கிருமி இருக்கிறதாமே? (வாசகி, ஜனக்புரி)

கிருமி அல்ல, என்டிஎம்-1 என்ற நொதி. அதன் முதல் இரண்டு எழுத்துகள் நியூ டெல்லியைக் குறிக்கின்றன. இங்கே மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஸ்வீடன் நாட்டவர் ஒருவரின் உடலிலிருந்த கிளெப்சியெல்லா பாக்டீரியாவில் அது கண்டறியப்பட்டு, 2009-இல் ஆய்விதழில் வெளியானது. பெனிசிலின் வகை மருந்துகள் பாக்டீரியாவின் செல்சுவர் கட்டப்படுவதைத் தடுத்து அதைக் கொல்கின்றன. செல்சுவரே இல்லாத வைரஸால் வரும் சளிக்கு அவற்றை விழுங்குவது வீண் என்பதும் இதனால்தான். என்டிஎம்-1 அந்த வகை மருந்துகளில் பெரும்பாலானவற்றை, கடைசிப் புகலிடமாக மருத்துவர்கள் கையில் வைத்திருக்கும் மெரோபெனெம் உட்பட, வெட்டிச் சிதைத்துவிடுகிறது. இதற்கான ஜீன் பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில் இருப்பதால், ஒரு பாக்டீரியா அதை வேறோர் இனத்துக்கும் கடத்திவிட முடியும். ஊர்ப்பெயரைச் சூட்டியது நியாயமன்று என்றே நானும் கருதுகிறேன். அந்த ஜீன் இன்று பல கண்டங்களில் காணப்படுகிறது.