முதல் ஸ்கூபா செட்டை ஏன் மாற்றிவிடுகிறார்கள்?

கேள்வி: ஸ்கூபா டைவிங்கில் (சிலிண்டர் காற்றோடு நீருக்குள் மூழ்குவது) முதல் படியான ஓப்பன் வாட்டர் பயிற்சியை முடித்துவிட்டேன். மாஸ்க்கிலிருந்து ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) வரை எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக, தள்ளுபடியில் தருவதாகக் கடையில் சொல்கிறார்கள். ஆனால் அனுபவமுள்ள டைவர்களைக் கேட்டால், "முதலில் வாங்கியதில் பாதியை மாற்றிவிட்டேன்" என்கிறார்கள். எதை இப்போது வாங்கலாம், எதற்குக் காத்திருக்கலாம்?

பதில்: அந்த டைவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் கருவி கெட்டுப்போய் மாற்றியவர்கள் அவர்களில் குறைவாகத்தான் இருப்பார்கள். பயிற்சி முடிந்த சூட்டோடு கடைக்குப் போகும்போது, நாம் எந்த மாதிரி டைவ் செய்யப் போகிறோம் என்பதே நமக்குத் தெரியாது. வெதுவெதுப்பான நீரா, குளிர்ந்த நீரா? படகிலிருந்து குதிக்கப் போகிறோமா, கரையிலிருந்து நடந்து இறங்கப் போகிறோமா? விமானத்தில் கொண்டுபோக வேண்டுமா? இதற்கெல்லாம் விடை தெரியாமல் வாங்கியதுதான் பிறகு அலமாரிக்குப் போகிறது.

அப்படி அதிகம் மாறுவது பிசிடி, அதாவது சிலிண்டரை முதுகில் தாங்கி, காற்றை ஊதியும் விட்டும் மிதப்பைக் கட்டுப்படுத்தும் கருவி. பயிற்சியில் கொடுத்த ஜாக்கெட் மாதிரியையே பெரும்பாலானவர்கள் வாங்குகிறார்கள், பழகியது அது ஒன்றுதான் என்பதால். ஜாக்கெட்டில் காற்றுப்பை விலாவைச் சுற்றி வருகிறது. மேற்பரப்பில் முழுதாக ஊதினால் நெஞ்சை இறுக்கும். மூச்சு வாங்கும்போதுதான் அது தெரியும். அளவு ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தால் தொல்லை வேறு மாதிரி: நீருக்குள் உடம்பு ஒரு பக்கம் போகும், ஜாக்கெட் ஒரு பக்கம் போகும். அப்புறம் அந்த மெத்தென்ற திணிப்பு. கடையில் போட்டுப் பார்க்க சுகமாகத்தான் இருக்கும். ஆனால் நுரையும் தடித்த துணியும் தாமாகவே மிதக்கும். காற்றை முழுக்க வெளியேற்றிய பிறகும் ஜாக்கெட் மேலே இழுக்கும். அதை அமுக்கவே கூடுதலாக ஈயம் கட்ட வேண்டியிருக்கும்.

இதனால்தான் பலர் பின்தகடும் (முதுகில் படியும் தகடு) விங்கும் (அதன் பின்னால் வரும் காற்றுப்பை) கொண்ட அமைப்புக்கு மாறுகிறார்கள். அதில் காற்றெல்லாம் முதுகுக்குப் பின்னால் நிற்கும், நெஞ்சுப் பக்கம் காலியாக இருக்கும். எஃகுத் தகடே 2 முதல் 3 கிலோ வரை இருப்பதால் இடுப்பில் கட்டும் ஈயம் அந்த அளவுக்குக் குறையும். எடை முதுகோடு படிந்து கிடப்பதால் உடம்பைக் கிடைமட்டமாக வைத்துக்கொள்வதும் எளிது. இதைப் படித்துவிட்டு உடனே விங் வாங்க ஓடாதீர்கள். மெல்லிய வெட்சூட்டும் (குளிர் தாங்க டைவர் அணியும் உடை) எஃகு சிலிண்டருமாக வெதுவெதுப்பான நீரில் இறங்குகிறவருக்கு எஃகுத் தகடு தேவைக்கு மேல் கனமாகிவிடலாம். விமானத்தில் போகிறவருக்கு அந்த எடை பெட்டியிலேயே பாரம். அவர்களுக்கு அலுமினியத் தகடோ துணியால் ஆன பின்பகுதியோ போதும். மேற்பரப்பில் விங்கை அளவுக்கு மீறி ஊதினால் முகம் குப்புறத் தள்ளும் என்பதும் உண்மை. கொஞ்சம் காற்றை விட்டுவிட்டுப் பின்னால் சாய்ந்தால் சரியாகிவிடும், ஆனால் பழக வேண்டும்.

எந்த வகையானாலும் கடையில் இதைச் செய்யுங்கள். நீங்கள் போடப்போகும் சூட்டின் மேல் பிசிடியை மாட்டுங்கள். அதிகக் காற்றை வெளியேற்றும் வால்வு சீறும்வரை ஊதுங்கள். அந்த நிலையில் ஆழமாக மூச்சிழுத்துப் பாருங்கள். தோள் பட்டையைப் பிடித்து மேலே தூக்கினால் காதுவரை ஏறுகிறதா? இடுப்புக்குப் பின்னால் இருக்கும் காற்று விடும் கயிறு பார்க்காமலே கைக்கு எட்டுகிறதா? எடைப் பை இருந்தால் அதை ஒரு கையால் உருவித் திரும்பச் சொருகிப் பாருங்கள். தானே நழுவி விழும் எடைப் பை ஆபத்தானது. பாதி டைவில் ஈயம் போனால் டைவர் மேலே பறந்துவிடுவார்.

இன்னொன்று. பிசிடி சரியில்லை என்று வருகிறவர்களைச் சோதித்தால், பல நேரம் பிசிடியில் குறை இருக்காது, ஈயம்தான் அதிகமாக இருக்கும். அந்தக் கூடுதல் எடைக்கு ஈடாகப் பையில் காற்று நிரப்புகிறார்கள். ஆழம் மாறும்போதெல்லாம் அந்தக் காற்று விரிந்து சுருங்கி அவர்களை ஏற்றி இறக்குகிறது. டைவ் முடியும் நேரத்தில், சிலிண்டரில் 50 பார் (காற்றழுத்த அளவு) மட்டும் இருக்கையில், 5 மீட்டர் ஆழத்தில் பிசிடியைக் காலி செய்துவிட்டு அப்படியே நிற்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் எடை சரி. சிலிண்டர் காலியாகக் காலியாக லேசாகும் என்பதால்தான் கடைசியில் பார்க்கச் சொல்கிறேன். 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் காற்றே ஏறக்குறைய இரண்டரை கிலோ எடை இருக்கும். புதுசு வாங்கும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

மாஸ்க்கை இப்போதே வாங்குங்கள். உங்கள் முகத்துக்குப் பொருந்துவதை வாடகையில் தேட முடியாது. பட்டையைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுங்கள்; கையை எடுத்தாலும் ஒட்டி நிற்க வேண்டும். இதை எல்லோரும் செய்வார்கள். வாயில் ஸ்நார்க்கலையோ ரெகுலேட்டரின் வாய்ப்பகுதியையோ கடித்துக்கொண்டு இன்னொரு முறை செய்து பார்ப்பவர்கள் குறைவு. கடிக்கும்போது கன்னமும் மேலுதடும் நகர்கின்றன, அதுவரை ஒட்டியிருந்த மாஸ்க் அப்போது விட்டுவிடும். மீசை உள்ளவர்களுக்குக் கசிவு பெரும்பாலும் அந்த இடத்தில்தான். மூக்கைப் பிடித்துக் காதைச் சமன் செய்ய விரல் போகிறதா என்பதையும் கையுறையோடு பாருங்கள். புது மாஸ்க் ஓயாமல் பனிமூட்டம் போடுகிறது என்று கழற்றிப் போட்டவர்கள் உண்டு. தயாரிப்பின்போது கண்ணாடியில் படிந்த மெல்லிய படலம்தான் அதற்குக் காரணம். பற்பசையை உள்பக்கம் தேய்த்துச் சில முறை கழுவினால் போய்விடும். பூச்சு பூசிய கண்ணாடி என்றால் மட்டும் தேய்க்காதீர்கள், தயாரிப்பாளர் சொல்வதைக் கேளுங்கள்.

காலில் மாட்டும் துடுப்பில் முதலில் மாற்றுவது பட்டையைத்தான். பிளாஸ்டிக் கொக்கியோடு வரும் ரப்பர் பட்டை, படகு ஆடும்போது ஈரக் கையால் இறுக்க வேண்டிய சங்கடம். கொக்கி உடைந்தால் அன்றைய டைவ் அவ்வளவுதான். அதற்குப் பதிலாக எஃகுச் சுருள் பட்டை மாட்டினால், குதிகாலில் இழுத்து விட்டால் போதும். துடுப்பு அப்படியே இருக்கட்டும், பட்டையை மட்டும் மாற்றுங்கள். இரண்டாகப் பிளந்த துடுப்பு முழங்காலுக்கு இதமானது என்று வாங்கி, பிறகு தவளை உதைப்பும் பின்னோக்கி நகர்வதும் கற்கும்போது அது ஒத்துழைக்காமல் அகலத் துடுப்புக்கு வந்தவர்கள் நிறைய. குதிகால் திறந்த துடுப்பு என்றால் அதனுள் போடும் பூட் (டைவிங் காலணி) ஒன்றை முதலில் வாங்குங்கள். அளவு பூட்டோடுதான் பார்க்க வேண்டும்.

வெட்சூட்டில் தடிமனை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. தளர்ந்த 5 மில்லிமீட்டரைவிடக் கச்சிதமான 3 மில்லிமீட்டர் சூட்டே மேல். இடுப்பிலும் கழுத்திலும் நீர் உள்ளே போய் வந்துகொண்டிருந்தால் தடிமனால் பயனில்லை. 30 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல 4 மடங்கு. சூட் செய்யும் ரப்பர் நுரையான நியோப்ரீனுக்குள் இருக்கும் குமிழ்கள் அங்கே நசுங்கி, சூட் மெலிந்துபோகிறது. மேலே கதகதப்பாக இருந்தவர் கீழே நடுங்குவது இதனால்தான்.

ஆழத்தையும் இன்னும் எவ்வளவு நேரம் கீழே இருக்கலாம் என்பதையும் காட்டும் டைவ் கம்ப்யூட்டரும் சீக்கிரம் மாறுகிற பொருள். காரணம் பெரும்பாலும் திரை. மங்கிய ஒளியில் கையை நீட்டி வைத்து, மீதி நேரமும் ஆழமும் ஒரே பார்வையில் தெரிகிறதா என்று பாருங்கள். பேட்டரியை நீங்களே மாற்ற முடியுமா, அல்லது சார்ஜ் செய்வதா என்று கேளுங்கள். நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடிய காற்றுக் கலவை) வசதி கட்டாயம் வேண்டும், அடுத்த பயிற்சியே அதுவாக இருக்கலாம். பாதுகாப்பு அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் இருந்தால் நல்லது. சிலிண்டர் அழுத்தத்தைக் கம்பியில்லாமல் காட்டும் டிரான்ஸ்மிட்டர் பிறகு வாங்கிக்கொள்ளலாம். அதற்கு இடம் தரும் கம்ப்யூட்டரா என்பதை மட்டும் இப்போதே பாருங்கள். வாடகைக் கம்ப்யூட்டர் முந்தைய டைவ்களை அறியாது என்பதால், ரெகுலேட்டருக்கு முன்னால் இதை வாங்கச் சொல்வேன்.

ரெகுலேட்டர் யோசித்து வாங்கினால் நெடுங்காலம் உழைக்கும். சிலிண்டர் அழுத்தத்துக்கு ஏற்பச் சமன் செய்யாத பிஸ்டன் வகை எளிமையானது, உறுதியானது. ஆனால் சிலிண்டரில் அழுத்தம் குறையும்போது மூச்சிழுப்பது கொஞ்சம் கடினமாகும். குளிர்ந்த நீரில் இறங்கும் எண்ணம் இருந்தால் உறைவதற்கு எதிராக மூடப்பட்ட முதல் நிலை (ரெகுலேட்டரில் சிலிண்டரோடு இணையும் பகுதி) தேவை. சிலிண்டர் வால்வில் திருகி மாட்டும் டின் (DIN) இணைப்பை எடுப்பது நல்லது, அடாப்டர் போட்டால் கவ்வி வகை வால்விலும் பொருத்தலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, சர்வீஸ் செய்ய ஆளும் உதிரிப் பாகமும் உங்களுக்கு எட்டும் தூரத்தில் கிடைக்குமா? கிடைக்காத ரெகுலேட்டர் எவ்வளவு உயர்ந்ததானாலும் வேண்டாம். தாடை வலிக்கிறது என்று ரெகுலேட்டரையே மாற்ற நினைப்பவர்கள் முதலில் வாய்ப்பகுதியை மாற்றிப் பார்க்கட்டும். அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கட்டு நாடாவை எடுத்துவிட்டு வேறு மாட்டுகிற வேலைதான்.

சின்னச் சாமான்களில், காலில் கட்டும் பெரிய கத்திக்குப் பதில் கையெட்டும் இடத்தில் சிறிய நூல் வெட்டி போதும். மேற்பரப்பு அடையாள மிதவையும் (நாம் இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்டுவது) விரல் சுருளும் (அதன் கயிறு சுற்றிய சிறு உருளை) முதல் நாளிலிருந்தே வேண்டும், இடுப்பளவு குட்டி மிதவை அலையில் தெரியாது.

ஆக, கடையில் தொகுப்பைப் பிரித்துக் கேளுங்கள். மாஸ்க், பூட், துடுப்பு, சூட், மிதவை இப்போது. கம்ப்யூட்டர் அடுத்து. பிசிடியையும் ரெகுலேட்டரையும் கொஞ்ச காலம் வாடகைக்கு எடுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வகை கேட்டு வாங்கி, எது பிடித்தது, எது உறுத்தியது என்று டைவ் குறிப்பேட்டிலேயே ஒரு வரி எழுதி வையுங்கள். பழைய பொருள் வாங்குவதானால் ரெகுலேட்டருக்கு முழு சர்வீஸ் செலவையும் விலையோடு கூட்டிக்கொண்டு பேரம் பேசுங்கள். பிசிடி என்றால் ஊதி ஓர் இரவு வைக்கச் சொல்லி, மறுநாள் போய்த் தட்டிப் பாருங்கள்.