முதல் ஆல்பம் ஹிட், அடுத்தது?

கேள்வி: அமெரிக்கப் பாடகி நோரா ஜோன்ஸின் முதல் ஆல்பம் எத்தனை முறை கேட்டாலும் அலுக்கவில்லை. ஆனால் அடுத்து வந்த 'ஃபீல்ஸ் லைக் ஹோம்' அதன் நகல்தான் என்கிறான் என் நண்பன். அப்படியா?

பதில்: ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டால் அப்படித்தான் தோன்றும். 2002-ல் வந்த முதல் ஆல்பம் 'கம் அவே வித் மீ' மறு வருடமே சிறந்த ஆல்பத்துக்கான கிராமி வாங்கிவிட்டது, அதற்கப்புறம் 2004-ல் அதே தயாரிப்பாளர் ஆரிஃப் மார்டினோடு, அதே நிதானமான குரலில் வந்தால் ஒப்பிடாமல் யார் இருப்பார்கள்? ஆனால் நகல் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதல் ஆல்பத்தைத் தூக்கி நிறுத்திய 'டோன்ட் நோ ஒய்' ஜெஸ்ஸி ஹாரிஸ் எழுதியது. இரண்டாவதில் நோராவின் சொந்தப் பேனா நிறையவே பேசுகிறது. 'சன்ரைஸ்' அவரும் பேஸ் வாசிக்கும் லீ அலெக்ஸாண்டரும் சேர்ந்து எழுதியது, அதற்கும் கிராமி கிடைத்தது. ஜாஸ் கொஞ்சம் ஒதுங்கி அமெரிக்க கிராமத்து மணம் வீசும் கன்ட்ரி இசைக்கு இடம் விட்டிருக்கிறது. கன்ட்ரி பாடகி டாலி பார்ட்டனோடு பாடும் 'க்ரீப்பின் இன்' துள்ளிக்கொண்டு ஓடும். நடுவில் ஓரிரு பாட்டு மந்தம்தான், சரி. ஆனால் கடைசிப் பாட்டு 'டோன்ட் மிஸ் யூ அட் ஆல்' இருக்கிறதே, ஜாஸ் மேதை ட்யூக் எலிங்டனின் பழைய பியானோ மெட்டுக்கு நோரா வரி எழுதிப் பாடியது, உன் நினைவே இல்லை என்று சொல்லிக்கொண்டே ஏங்குகிற பாட்டு, அதை இரவில் ஹெட்ஃபோனில் நண்பரைக் கேட்கச் சொல்லுங்கள்.