எந்திரச் சீடன் மூன்றாம் அத்தியாயத்திலேயே ஜெயித்துவிட்டால்

உங்கள் கதையில் பாம்பன் கிழவரிடம் படகோட்டக் கற்கும் எந்திரம் சீக்கிரமே அவரை மிஞ்சிவிடுகிறது, அதன்பின் கதை நகரவில்லை என்கிறீர்கள். மிஞ்ச விடாதீர்கள். பார்த்துப் பழகும் எந்திரம் ஆசான் சரியாகச் செய்ததை மட்டுமே கண்டிருக்கும். இரண்டு பாகை விலகினாலே அதற்குப் புது நிலைமை. அங்கே இன்னும் விலகும், பிழை குட்டி போடும். வாடைக்காற்றுக் காலத்தில் தென்கடல் (பாம்பனுக்குத் தெற்கே உள்ள மன்னார் வளைகுடா) அடங்கிக் கிடக்கும்போது பழக்கிவிட்டு, ஆனியில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும்போது அதே கடலில் இறக்குங்கள்.

கிழவர் முட்டி வலியால் இடப்பக்கம் சாய்ந்து சுக்கான் பிடிப்பார், எந்திரமும் சாயட்டும். முட்டியே இல்லாத ஜென்மம்!

ஆசானுக்கும் சீடனுக்குமான போட்டியும் இங்கேதான். கிழவர் தடம் தப்புவதில்லை, அதனால் தப்பினால் மீளும் வித்தையை அவர் காட்டுவதே இல்லை. அதைக் கற்றுத்தர, சுக்கானை எந்திரத்தின் கையில் கொடுத்து, தப்பும்போதெல்லாம் திருத்த வேண்டும். அவர் கொடுப்பாரா என்பதையே ஐந்தாம் அத்தியாயம் வரை இழுங்கள். நீங்கள் வைத்திருக்கும் லேசர் சண்டையை வெட்டிவிடலாம்.