எடைக்குப் போகவிருந்த காகிதங்கள்

கேள்வி: என் அப்பா சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர், சென்ற ஆண்டு காலமானார். எம்.எஃப். உசேனின் ஓவியம் நூறு கோடியைத் தாண்டுகிறது, அப்பாவை யாரும் கண்டுகொள்ளவில்லை. இப்போது ஒரு வியாபாரி எல்லா ஓவியங்களையும் மொத்தமாகக் கேட்கிறார். அம்மா என் தங்கை வீட்டில் இருக்கிறார். டிரங்குப் பெட்டிகளில் கிடந்த அப்பாவின் காகிதங்களை எடைக்குப் போடச் சொல்லிவிட்டோம். ஓவியங்களைக் கொடுத்துவிடலாமா?
– வாசகர், சென்னை

பதில்: முதலில் பழைய பேப்பர்காரரை வரவேண்டாம் என்று சொல்லுங்கள். வியாபாரி காத்திருக்கட்டும்.

வரைந்தவர் இவர்தான், இந்த ஆண்டில்தான், இன்ன கண்காட்சியில் வைக்கப்பட்டு இன்னாரிடம் போய்ச் சேர்ந்தது என்று அறுபடாமல் காட்ட முடிந்தால்தான், போலிகள் மலிந்த நம் சந்தையில் ஓர் ஓவியத்தை நல்ல ஏல நிறுவனமோ அருங்காட்சியகமோ ஏறெடுத்துப் பார்க்கும். 2025 மார்ச்சில் நியூயார்க்கில் ஏறத்தாழ 118 கோடி ரூபாய்க்கு ஏலம்போன உசேனின் ‘கிராம் யாத்ரா’வை 1954இல் டெல்லியில் ஒரு மருத்துவர் வாங்கியதும், 1964இல் அது ஓஸ்லோ மருத்துவமனைக்குப் போனதும் ஐயமின்றித் தெரிந்திருந்தன. உசேன் என்ற பெயர் இல்லாமல் அந்த விலை வந்திருக்காது, உண்மைதான்; ஆனால் அந்தப் பெயரில் எத்தனை போலிகள் உலவுகின்றன என்று உங்கள் வியாபாரியையே கேட்டுப் பாருங்கள்.

புகழ் பெறாதவர்களுக்குக் காகிதம் இன்னும் முக்கியம். பரோடாவில் ஆசிரியராக இருந்து 1990இல் மறைந்த நஸ்ரீன் மொஹமதி, தம் கோட்டோவியங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தலைப்பும் இடவில்லை, தேதியும் இடவில்லை. எஞ்சியிருந்த நாட்குறிப்புகளும், அவர் வாழ்ந்தவரை காட்சிக்கு வைக்காத புகைப்படங்களும்தான் ஆய்வாளர்களுக்குப் பிடிமானமாயின. 2007இல் ஜெர்மனியின் டாக்குமென்டா கண்காட்சியில் அவருடைய படைப்புகள் இடம்பெற்றன; 2016இல் நியூயார்க்கின் மெட் பிராயர் அருங்காட்சியகம் தன் கதவைத் திறந்தபோது, தொடக்கக் கண்காட்சிகளில் ஒன்று அவருடையது. அழைப்பிதழ், காட்டலாக், விற்ற ரசீது, சக ஓவியர் எழுதிய அஞ்சலட்டை ஆகியவற்றை வைத்துத்தான் ஒருவர் கட்டுரை எழுதுவார், அதைப் படித்த கியூரேட்டர், அதாவது கண்காட்சிக்குப் படைப்புகளைத் தேர்ந்தெடுப்பவர், வீடு தேடி வருவார். விலை அதற்குப் பிறகுதான் ஏறும்.

அந்தப் பெட்டிகளைத் திறந்துகூடப் பார்க்காமல் கிலோக் கணக்கில் பேரம் பேசிய நீங்கள், அப்பாவை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று குறைப்படுவது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. முதலில் கண்டுகொள்ளாதவர் நீங்கள்தானே? பெற்றவரின் கையெழுத்தை ஒருமுறையாவது படித்துப் பார்ப்பது பிள்ளையின் கடமை. அதில் காசு வருமா என்பது பிறகு பார்த்துக்கொள்ள வேண்டியது.

அம்மா தங்கை வீட்டில் இருப்பதை எழுதினீர்கள். அவரிடம் கேட்டதாக எழுதவில்லை. எந்த ஓவியம் எந்த வீட்டில் குடியிருந்தபோது வரையப்பட்டது, யார் வந்து பார்த்தார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரிந்திருக்கும். ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் படமெடுத்து, அளவைக் குறித்து, அவர் சொல்வதை அருகில் எழுதி வையுங்கள். ஓவியச் சட்டத்தின் பின்புறம் ஒட்டியிருக்கும் பழைய சீட்டுகளை அழுக்கென்று கிழித்துவிடாதீர்கள்.

வியாபாரி நீட்டும் தாளில் ‘அனைத்து உரிமைகளுடன்’ என்றிருந்தால் கையெழுத்திட வேண்டாம். ஓவியத்தை விற்பதால் மட்டும் பதிப்புரிமை கைமாறுவதில்லை. ஓவியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை அது நீடிக்கும். உங்கள் அப்பா உயில் எழுதியிராவிட்டால், ஓவியங்களிலும் அந்த உரிமையிலும் அம்மாவுக்கும் தங்கைக்கும் உங்களோடு பங்கு உண்டு. அவர்களைக் கேட்காமல் விலை பேசும் அதிகாரம் உங்களுக்கு இல்லை.