பந்தயத்தில் ஓடி ஓய்வு பெற்ற குதிரையில் சவாரி பழகுகிறேன். லகானை இழுத்தால் இன்னும் வேகமெடுக்கிறது. ட்ராட்டில், அதாவது நடைக்கு அடுத்த துள்ளலோட்டத்தில், தூக்கிப் போடுவதால் லகானைப் பிடித்துத்தான் சமாளிக்கிறேன். எப்படி முன்னேறுவது?

முதலில் இழுப்பதை நிறுத்துங்கள்.

நம் ஊர் சவாரிப் பள்ளிகளில் பந்தயத்திலிருந்து வந்த தரோபிரெட் என்ற பந்தய இனக் குதிரைகள் நிறைய. நானும் அப்படிப்பட்ட குதிரைகளில்தான் பழகினேன், இன்றும் அவற்றில்தான் ஏறுகிறேன். அவற்றை முரட்டுக் குதிரை என்று யாராவது சொன்னால் மனசு கேட்காது. தனக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் அது செய்கிறது. பந்தயத்தில் ஜாக்கி லகானை இறுக்கிப் பிடித்திருப்பார், அந்தப் பிடியின்மேல் சாய்ந்துகொண்டு ஓடிப் பழகியிருக்கும். இரண்டு கையாலும் நீங்கள் இழுக்கும்போது அதற்குப் புரிவது ‘ஓடு’ என்பதுதான். 450, 500 கிலோ எடையுள்ள உயிரோடு இழுபறி செய்து யாரும் ஜெயித்ததில்லை. அதோடு, கடிவாள இரும்பு உட்காருவது முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே, பல்லே இல்லாத இடத்தில். அங்கே எலும்பின்மேல் மெல்லிய ஈறுதான் இருக்கிறது. அங்கு வலித்தால் குதிரைக்கு நிற்கத் தோன்றாது, தப்பி ஓடத்தான் தோன்றும்.

வேகத்தைக் குறைப்பதை உடம்பிலிருந்து ஆரம்பியுங்கள். முதுகை நிமிர்த்தி, சேணத்தில் ஆழமாக உட்கார்ந்து, மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். அப்புறம் விரல்களை மட்டும் மூடுங்கள், முழங்கை பின்னால் போகக் கூடாது. வேகம் துளி குறைந்தாலும் அந்த நொடியே விரல்களைத் தளர்த்திவிடுங்கள். அழுத்தம் விலகுகிற நேரத்தில் தான் என்ன செய்துகொண்டிருந்ததோ, அதையே சரி என்று குதிரை எடுத்துக்கொள்ளும். நீங்கள் தாமதித்தால் அதற்குள் தலையை உதறியிருக்கும். உதறினால் விடுவார்கள் என்று மனதில் பதிந்துவிடும். இதை நடையில் நன்றாகப் பழக்கிவிட்டு ட்ராட்டுக்குப் போங்கள்.

அப்படியும் வேகமெடுத்தால் 20 மீட்டர் விட்டமுள்ள பெரிய வட்டத்தில் திருப்புங்கள். வட்டத்தில் உட்பக்கப் பின்கால் உடம்புக்கு அடியில் வந்து எடை தாங்க வேண்டியிருப்பதால் வேகம் தானாகவே இறங்கும். சட்டென்று சின்ன வட்டமாக மட்டும் திருப்பிவிடாதீர்கள், கால் வழுக்கிக் குதிரை விழுந்துவிடும்.

ட்ராட்டில் லகானைப் பிடித்துச் சமாளிப்பதாக எழுதியிருக்கிறீர்களே, என் பார்வையில் வேர் அங்கேதான். உங்கள் சமநிலை குதிரையின் வாயில் தொங்குகிற வரைக்கும் மேலே சொன்ன எதுவும் பலிக்காது. பயிற்சியாளரிடம் கேட்டு, லஞ்ச் கயிறு எனும் நீளக் கயிற்றில் கட்டிக் குதிரையை அவர் தன்னைச் சுற்றவிட, நீங்கள் அங்கவடியும் (கால் வைக்கும் வளையம்) லகானும் இல்லாமல் உட்கார்ந்து பழகுங்கள். வியன்னாவில் இருக்கும் ஸ்பானிஷ் சவாரிப் பள்ளி நூற்றாண்டுகளாக நடப்பது. அங்கே புதிதாகச் சேருகிறவர்களுக்கும் முதல் பாடம் இதுதான். கையை இடுப்பில் வையுங்கள், முழங்காலால் இறுக்கிப் பிடிக்காதீர்கள். இறுக்கினால் உடம்பு மேலே எழும்பும், குலுங்கல் அதிகமாகும். தொடை தளர்ந்து தொங்கினால் இடுப்பு தானாகக் குதிரையின் முதுகோடு அசையும்.

எழுந்து உட்காரும் ட்ராட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. ட்ராட்டில் எதிரெதிர் மூலைக் கால்கள் ஜோடியாகப் போகும், அதாவது வலது முன்காலும் இடது பின்காலும் ஒன்றாக. வட்டத்தில் போகும்போது வெளிப்பக்கத் தோளைக் கண்ணால் மட்டும் பாருங்கள், தலை குனிய வேண்டாம். அந்தத் தோள் முன்னே போகும்போது எழுங்கள், பின்னே வரும்போது உட்காருங்கள். நீங்கள் எழுகிற நேரத்தில் உட்பக்கப் பின்கால் சுமையில்லாமல் நன்றாக முன்னே வரும். திசை மாற்றும்போது ஒரு தாளத் தட்டு கூடுதலாக உட்கார்ந்து மாற்றிக்கொள்ளுங்கள்.

ஜாக்கிகள் அங்கவடியை மிகக் குட்டையாக வைத்து உயரத்தில் குந்தியிருப்பார்கள். அதனால் விலாவில் கால் படுவது என்ன என்றே இந்தக் குதிரைகள் பலவற்றுக்குத் தெரியாது, பட்டவுடன் பாயும். நடையில் லேசாகக் கெண்டைக்காலால் தொட்டு, ஓரடி நகர்ந்ததும் எடுத்துவிடுங்கள். பொறுமை வேண்டும், ஆனால் தரோபிரெட் சீக்கிரம் கற்றுக்கொள்ளும்.

2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய அணி, குதிரையை நுணுக்கமாக நடத்திக் காட்டும் டிரெஸாஜ் போட்டியில் தங்கம் வென்றது. அந்த வீடியோ கிடைத்தால் குதிரையை விட்டுவிட்டு ரைடர்களின் கைகளை மட்டும் பாருங்கள்.

இன்னொன்று, பயிற்சிக்கு முன்பே பார்க்க வேண்டியது. கடைவாய்ப் பல்லின் ஓரம் கூராகி உள்கன்னத்தைக் கிழித்துக்கொண்டிருந்தாலும் குதிரை கடிவாளத்தோடு சண்டை போடும். கால்நடை மருத்துவர் பல்லை ராவிவிட்டால் சரியாகும். சேணம் முதுகில் அழுத்துகிறதா என்றும் பாருங்கள். வேலை குறைவாக இருக்கும்போது தானியம் அதிகம் போனால் துள்ளல் கூடும், தீவனத்தையும் விசாரியுங்கள்.

இதற்கெல்லாம் பதிலாக, இன்னும் கடுமையான கடிவாளம் போட்டால் நின்றுவிடும் என்று லாயத்தில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். உங்கள் உட்காருகை நிலைப்படும்வரை எந்தக் கடிவாளமும் அந்த வாய்க்குக் கடுமையானதுதான்.